தனியார் நிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை

அமெரிக்காவில் வழிகாட்டியை அமர்த்தாமல் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் உட்காரும் இடத்தில்தான்.

முதலில் நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எல்லையை அவரோடு நடந்தே பார்த்துவிடுங்கள். டெக்சஸ், மிசௌரி போன்ற மாநிலங்களில் மரத்தில் ஊதா வண்ணம் பூசியிருந்தால் அத்துமீறி நுழையக் கூடாது என்று பொருள். உரிமமும் வேட்டை நேரமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் நண்பகலோடு முடித்துவிட வேண்டும். வசந்தத்தில் பொதுவாகச் சேவலை அல்லது மார்பில் தாடிபோல இறகுக்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம்.

தரையைப் படியுங்கள். எச்சம் 'ஜே' எழுத்துபோல வளைந்து நீண்டிருந்தால் சேவல். சுருண்டு உருண்டிருந்தால் பெட்டை. வான்கோழி சருகைப் பின்பக்கமாகத்தான் உதைத்துக் கிளறும். அதனால் குவியல் கிடக்கும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் கூட்டம் நகர்ந்திருக்கிறது. முந்தின நாள் பொழுது சாயும்போது ஆந்தைபோல ஒலி எழுப்புங்கள். அடைந்த மரத்திலிருந்தே சேவல் கொக்கரித்து இடத்தைச் சொல்லிவிடும்.

மறுநாள் இருட்டிலேயே அந்த மரத்துக்கு 100 முதல் 150 கெஜம் தள்ளி உட்காருங்கள். அதைவிட நெருங்கினால் கலைந்துவிடும். சேவலின் மட்டத்திலோ சற்று மேட்டிலோ இருப்பது நல்லது. நடுவில் ஓடையோ வேலியோ குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலை உயர்த்தி அதன்மேல் துப்பாக்கியைத் தாங்குங்கள். பொம்மைப் பெட்டையை 20 கெஜத்தில் நடலாம்.

பெட்டையின் குரலில் அழைப்பதில்தான் பொறுமை வேண்டும். இயல்பாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நீங்கள் ஓயாமல் அழைத்தால் பெட்டையே வந்துவிடும் என்று சேவல் நின்ற இடத்திலேயே காத்திருக்கும். விடியலில் மெல்லிய குரலில் மூன்று, நான்கு முறை போதும். பதில் வந்ததும் நிறுத்திவிட்டு, கையால் சருகை மட்டும் கிளறுங்கள். வராவிட்டால் எழுந்து போய்விடாதீர்கள்; பெட்டைகள் முட்டையிடப் போனபின், 9, 10 மணிவாக்கில், தனித்துப்போன சேவல் தேடி வருவது உண்டு.

12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன், ஒரே வெடியில் சிதறிப் பாயும் 5ஆம் எண் ஈயச் சிறுகுண்டுகள் போதும். 40 கெஜத்தில் காகிதத்தைச் சுட்டு, 10 அங்குல வட்டத்துக்குள் 100 குண்டுகள் விழுகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் இன்னும் நெருங்கவிட்டுத்தான் சுட வேண்டும். தோகை விரித்து நிற்கையில் கழுத்து உள்ளே ஒடுங்கியிருக்கும். சட்டென்று ஒரு சிறு ஒலி எழுப்பினால் தலையை நிமிர்த்தும். இறகு முடிந்து வெறுங்கழுத்து தொடங்கும் இடத்தில் குறி வையுங்கள்.

சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலத்தில் துணி எதுவும் உடம்பில் வெளியே தெரியக் கூடாது. வேறு வேட்டைக்காரர் தென்பட்டால் கையசைக்காமல் சத்தமாகக் குரல் கொடுங்கள். அடிபட்ட பறவை பக்கத்து நிலத்தில் விழுந்தால், அந்த உரிமையாளரைக் கேட்காமல் வேலி தாண்டாதீர்கள். கையில் கிடைத்ததும் மாநில விதிப்படி டேக் (அடையாளச் சீட்டு) கட்டி, ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள்.