பழைய நோட்டை எடைக்குப் போடாதீர்கள்: வாசிப்புக் குறிப்பேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வந்த வாரம், அக்கா மகள் ஒரு புது நோட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பிலிருந்து படித்ததையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வந்திருக்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்துப் புது நோட்டில் அழகான கையெழுத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் நிமிர்ந்து, "சித்தி, இதுல நிறைய மாத நாவல், பேய்க் கதைன்னு இருக்கு. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. நல்ல புத்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு டைரியைத் தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் இதே காரியத்தைச் செய்தவள்தான். அவளுடைய தோழிகள் இரண்டு பேரின் நோட்டையும் பார்த்தேன். நான் தொடக்கத்தில் செய்த தவறுகள் வரிசையாக அங்கேயும் இருந்தன. தேதி போடுங்கள், ஆசிரியர் பெயரை விடாதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதை மட்டும் சொல்கிறேன்.

கதைச் சுருக்கம் எழுதுவது

அது பின்னட்டையிலேயே இருக்கிறது. நாயகன் யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் முக்கால் பக்கம் எழுதினால் பத்து வருடம் கழித்து அதைப் படிக்க உங்களுக்கே பொறுமை இருக்காது. புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது, எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். போன ஐப்பசியில் நான் எழுதியது இது: "இரண்டாம் முறை. மழை, கரண்ட் இல்லை. கிழவர் கிணற்றை எட்டிப் பார்க்கும் இடத்தில் மூடி வைத்துவிட்டேன். என்ன வருகிறது என்று தெரிந்தும் பயம்." நாலு வரிகூட இல்லை. ஆனால் இதைப் படித்தால் அந்த மெழுகுவத்தி வாசனை வரை எனக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

பழையதைக் களையெடுப்பது

1989இல், பிளஸ் ஒன் படிக்கும்போது, ஒரு நீள நோட்டில் எழுதத் தொடங்கினேன். அது மூன்று நோட்டாக வளர்ந்தது. 2003இல் வீட்டுக்குக் கணினி வந்ததும் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்ற வேண்டும் என்று ஓர் ஆவேசம். மூன்றே பத்தி வைத்தேன்: புத்தகம், ஆசிரியர், ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். பதினான்கு வருடம் ஒரே வாரத்தில் அதற்குள் அடங்கிவிட்டது.

ஏற்றும்போதே கழித்தேன். வாடகை நூலகத்தில் எடுத்த துப்பறியும் கதைகள், பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள், வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைப் பிரித்தெடுத்துப் பெரியம்மா பைண்டு பண்ணி வைத்திருந்தவை எல்லாம் போயின. யாராவது பார்த்தால் மதிக்கும்படியான புத்தகங்கள் மட்டும் மிஞ்சின. சிலவற்றின் மதிப்பெண்ணையும் அப்போதைய என் ரசனைக்கு ஏற்ப ஏற்றி இறக்கினேன். வேலை முடிந்ததும் மூன்று நோட்டையும் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் நினைத்தால் ஆத்திரம் ஆறவில்லை.

அந்தக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது: "பொன்னியின் செல்வன், கல்கி, 5." கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோதே வாராவாரம் காத்திருந்து படித்தவர் என் பாட்டி. நான் படித்தது கிளை நூலகப் பிரதி. நந்தினியை வைத்துப் பாட்டிக்கும் எனக்கும் ஒருநாள் ராத்திரி பெரிய வாக்குவாதம். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சூட்டோடு நோட்டில் அரைப் பக்கம் எழுதினேன். எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நந்தினிக்காகப் பேசியது நானா, பாட்டியா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கேட்கப் பாட்டி இல்லை, பார்க்க நோட்டும் இல்லை. "5" என்ற எண் மட்டும் இருக்கிறது.

இன்னொன்று. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மாத நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். விடியும்வரை என்னை உட்கார வைத்தது அந்தக் கதைதான். கழித்துக்கட்டிய வரிகளில் அதுவும் ஒன்று. அதன் பெயரோ எழுதியவர் பெயரோ இன்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல நினைத்தாலும் யாருக்கென்று சொல்வது?

சந்தோஷத்துக்காகப் படித்ததை எழுதி வைக்கிறோம். பிறகு அந்தச் சந்தோஷத்தையே வெட்கப்பட்டு அழிக்கிறோம். பதினாறு வயதில் ஒரு பேய்க் கதைக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்திருந்தால் அந்த வயதின் உண்மை அது. இப்போது பிடிக்கவில்லையா, பழைய வரியைத் தொடாமல் கீழே வேறு மையில் இன்றைய தேதி போட்டு எழுதுங்கள். இரண்டும் இருக்கட்டும். புது நோட்டுக்கு மாற்றிக்கொள்வதில் தப்பில்லை, கணினியில் ஏற்றுவதிலும் தப்பில்லை. ஆனால் மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டு, அப்புறமும் ஒரு வருடம் யோசியுங்கள்.

அக்கா மகளின் டைரியை வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆண்டுக்கு இத்தனை என்று இலக்கு வைப்பது

வேண்டாம். டிசம்பரில் ஒல்லிப் புத்தகமாகத் தேட ஆரம்பிப்பீர்கள்.

பக்க எண்ணை நம்புவது

"214ஆம் பக்கம், அருமை" என்று எழுதி வைத்தால் எந்தப் பதிப்பின் 214? நாட்டுடைமையான எழுத்துகளில் இந்தத் தொல்லை அதிகம். கல்கியின் நாவல்களையே எத்தனையோ பதிப்பகங்கள் போடுகின்றன. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகமும் தனித்தனியாக வருகிறது, ஒரே தடிமனான புத்தகமாகவும் வருகிறது. பக்க எண் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. "கொலைவாள்" என்று பாகத்தின் பெயரையும் அத்தியாயத்தையும் எழுதினால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் கட்டாயம் வேண்டும். இளம் வயதில் உருகி உருகிப் படித்த ஒரு ரஷ்ய நாவலை, பல வருடம் கழித்து வேறொருவர் மொழிபெயர்ப்பில் வாங்கினேன். ஐம்பது பக்கத்துக்கு மேல் போகவில்லை. முதலில் படித்தது யாருடைய தமிழ் என்று நான் எழுதி வைக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அட்டையின் நிறத்தை மட்டும் சொல்லி இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பாதியில் விட்டதை எழுதாமல் விடுவது

எழுதுங்கள். எங்கே விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி போதும். அதே புத்தகத்தை மறுபடி காசு கொடுத்து வாங்காமல் இருக்கவாவது உதவும்.

எல்லாவற்றையும் ஒரே செயலியில் வைப்பது

புத்தகப் பட்டியல் போடும் செயலிகள் வசதிதான். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைத் தேடினால் ஒரே தலைப்பு ஆங்கில எழுத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வரும், அல்லது வரவே வராது. இருப்பதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு திருப்திப்பட்டுவிடாதீர்கள். தமிழில் நீங்களே சேருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் தரவிறக்கி வையுங்கள். அப்படி இறக்கிய கோப்பை எக்செல்லில் திறக்கும்போது தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கோப்பை நேரடியாகத் திறக்காமல், எக்செல்லுக்குள் இறக்குமதி செய்து, குறியாக்கம் கேட்கும் இடத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் 2003இல் தட்டியது பாமினி எழுத்துருவில். அடுத்த கணினியில் திறந்தபோது வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரிந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன், ஒரு மணி நேர வேலை. கணினியில் இருந்தது திரும்பக் கிடைத்துவிட்டது.

இரவல் கொடுத்ததை எழுதாதது

யாருக்கு, எந்தத் தேதி. அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள்.