வீட்ல விண்டோஸ், மேக், லினக்ஸ்னு கலந்து வச்சிருக்கீங்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்ப நிறைய வீட்ல ஆபீஸ் குடுத்த மேக்புக் ஒண்ணு இருக்கு, சொந்தமா அசெம்பிள் பண்ணின விண்டோஸ் டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, அதோட பழைய லேப்டாப் ஒண்ணுல உபுண்டு, மிண்ட்னு ஏதோ ஒரு லினக்ஸ் ஓடுது. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11 ஏத்துக்காத மெஷினைத் தூக்கிப் போட மனசில்லாம லினக்ஸ் போட்டவங்களும் இருக்காங்க, நல்ல முடிவுதான். தனித்தனியா பாத்தா மூணுமே ஒழுங்காதான் ஓடும். ஒண்ணு இன்னொண்ணைத் தொடற இடத்துலதான் சிக்கலே வரும், அதாவது டிஸ்க்கு, கடிகாரம், ஃபைல் பேரு, கேபிள், பிளக் பாயிண்ட். அதனால மெஷின் வாங்கறதுக்கு யோசிக்கற நேரத்துல பாதியையாவது இந்த இடங்களுக்கு ஒதுக்குங்க.

எல்லாரும் முதல்ல கை வைக்கறது டூயல் பூட்ல, அதாவது ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ் வைக்கறதுலதான். ஒரே டிஸ்க்ல விண்டோஸ் பக்கத்துல லினக்ஸ் போடறாங்க, அதுக்காக பயாஸ்க்குள்ள (மதர்போர்டோட செட்டிங்ஸ்) போய், நம்பகமானதை மட்டும் பூட் ஆகவிடற செக்யூர் பூட்டை ஆஃப் பண்றாங்க, திரும்ப விண்டோஸ் வரும்போது நீலத் திரைல, டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கரோட 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குது. "நான் பிட்லாக்கரே போடலையே"ம்பாங்க. புது விண்டோஸ் 11 லேப்டாப் நிறையதுல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சைன் இன் பண்ணினதுமே என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆயிடும், யாரும் நம்மகிட்ட கேக்கறதில்ல. பயாஸைத் தொடறதுக்கு முன்னாடியே அக்கவுண்ட்ல போய் அந்த கீயை எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. டெஸ்க்டாப்பா இருந்தா லினக்ஸுக்குன்னு தனியா ஒரு எஸ்எஸ்டி வாங்கிடுங்க, ஒண்ணோட பூட்லோடரை (ஓஎஸ்ஸை எழுப்பற சின்ன புரோகிராம்) இன்னொண்ணு கெடுக்கற வாய்ப்பு ரொம்பக் குறையும். ஆனா முழுசா தப்பிச்சோம்னு சொல்ல முடியாது, 2024 ஆகஸ்ட்ல வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் டூயல் பூட் வச்சிருந்த பல பேரோட லினக்ஸை பூட் ஆகவிடாம நிறுத்திடுச்சு.

அடுத்தது விண்டோஸைச் சீக்கிரம் எழுப்பறதுக்குன்னு இருக்கற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். அது ஆன்ல இருக்கும்போது, விண்டோஸ்ல ஷட்டவுன் குடுத்தா முழுசா அணைஞ்சிடுச்சுன்னு நினைக்கறோம், உண்மைல அது பாதித் தூக்கத்துலதான் இருக்கும், பார்டிஷனும் சரியா மூடப்படாமலேயே இருக்கும். அந்த நேரம் லினக்ஸுக்குப் போய் டி டிரைவைத் திறந்தா ரீட் ஒன்லியா வரும், இல்ல திறக்கவே மாட்டேங்கும். நெட்ல தேடி ஏதோ ஒரு கமாண்டைப் போட்டு வம்படியா மவுண்ட் பண்ணினா, அதாவது திறந்தா, விண்டோஸ் சேவ் பண்ணி வச்ச நிலைமை அழிஞ்சு போகும், கூடவே ஃபைலும் போகலாம். கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ்ல போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் பண்ணிட்டா போதும், ரெண்டு நிமிஷ வேலை.

கடிகாரம் விஷயம் நம்ம ஊர்ல பளிச்னு தெரியும். மதர்போர்டுல இருக்கற நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், லினக்ஸ் அதையே யுடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும். ராத்திரி 9 மணிக்கு லினக்ஸ்லேர்ந்து விண்டோஸுக்கு வந்தா மணி பிற்பகல் 3:30ன்னு காட்டும், சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நெட் கனெக்ட் ஆனா சரியாயிடும்னு விட்டுடறாங்க, ஆனா அது சரியாகறதுக்குள்ள சேவ் பண்ணின ஃபைலுக்குத் தப்பான நேரம் ஒட்டிக்கும், நேரத்தைப் பாத்து எது புதுசுன்னு முடிவு பண்ற காப்பி சாஃப்ட்வேர் பழசைத் தூக்கிப் புதுசு மேல எழுதிடும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாத்தலாம், ஆனா மாத்தினா அதுவே எச்சரிக்கை காட்டும். விண்டோஸோட உள் செட்டிங்ஸ் இருக்கற ரெஜிஸ்ட்ரில ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல்னு (RealTimeIsUniversal) ஒரு வேல்யூ சேர்த்து 1ன்னு வைக்கறதுதான் எனக்குப் பிடிச்ச வழி.

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மட்ல இருக்கற டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32 எல்லாத்துலயும் ஓடும், ஆனா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, கல்யாண வீடியோ காப்பி பண்ணும்போதுதான் அது தெரியவரும். எக்ஸ்ஃபேட் மூணுலயும் ஓடும், கொண்டு போய் கொண்டு வர அது சரி. ஆனா அதுல ஜர்னல், அதாவது எழுதற வேலையைக் குறிச்சு வச்சு பாதில நின்னா சரி பண்ற வசதி கிடையாது, எழுதிட்டு இருக்கும்போது எஜெக்ட் பண்ணாம உருவினா மொத்தமா அடிவாங்கலாம். அதனால உங்ககிட்ட இருக்கற ஒரே காப்பியை அதுல வைக்காதீங்க.

தமிழ்ல ஃபோல்டர் பேரு வைக்கறவங்க இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. 'போட்டோ'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்குன்னு வச்சுக்கோங்க. அதுல வர்ற ஓகாரக் குறியை யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) ரெண்டு விதமா எழுதலாம், ஒரே குறியீடாவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியா பிரிச்சும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பழைய மேக் டிஸ்க்குங்க, அதாவது எச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மட், பேரைப் பிரிச்சுதான் சேமிக்கும். விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் நாம டைப் பண்றது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். அந்த மேக் டிஸ்க்லேர்ந்து லினக்ஸுக்கு காப்பி பண்ணினா 'போட்டோ', 'போட்டோ'ன்னு ரெண்டு ஃபோல்டர் பக்கத்துல பக்கத்துல நிக்கும், டைப் பண்ணித் தேடினா ஒண்ணு கிடைக்கும் இன்னொண்ணு கிடைக்காது, படம் பாதி இதுல பாதி அதுல. டூப்ளிகேட்னு நினைச்சு ஒண்ணை டெலீட் பண்ணிடாதீங்க, ரெண்டையும் திறந்து பாத்து ஒண்ணுக்குள்ள நகர்த்துங்க. மெஷின்களுக்குள்ள ஃபைலை ஒண்ணா வச்சிருக்கற சிங்க்திங் மாதிரி சாஃப்ட்வேர் இதைத் தானா சரி பண்ணிக்கும், காப்பி பண்ற கமாண்டான ஆர்சிங்க்லயும் மாத்திக் குடுக்கற வழி இருக்கு, பென்டிரைவ்ல இழுத்துப் போட்டாதான் மாட்டிப்போம். இதுக்காக தமிழ்ல பேரே வைக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், புரோகிராமும் ஸ்கிரிப்டும் தொடற ஃபோல்டர்களுக்கு மட்டும் சின்ன ஆங்கில எழுத்துல வச்சுக்கோங்க. சின்ன எழுத்துன்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தை வச்சு லினக்ஸ்ல ரெண்டு ஃபைல் இருக்கலாம், விண்டோஸ்ல சாதாரணமா அதுக்கு இடமில்ல.

அதே மாதிரி பாமினி ஃபாண்ட்ல அடிச்ச பழைய வேர்டு ஃபைல் இருந்தா புது மெஷினுக்கு மாத்தறதுக்கு முன்னாடி யூனிகோடுக்கு மாத்திடுங்க, அந்த ஃபாண்ட் இல்லாத இடத்துல திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

நெட்வொர்க் ஷேரிங்ல ஒரு ஆபத்தான தவறு நடக்குது. பழைய ரௌட்டர்ல ஹார்டு டிஸ்க்கைச் சொருகி ஷேர் பண்ணுவாங்க, புது விண்டோஸ்ல அது வராது, உடனே எஸ்எம்பி1-ஐ, அதாவது ஃபைல் ஷேரிங்கோட ரொம்பப் பழைய முறையை ஆன் பண்ணுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு ஆன் பண்ணிடுவாங்க. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவினது அந்த எஸ்எம்பி1-ல இருந்த ஓட்டை வழியாதான். ஷேர் வரலைன்னா ரௌட்டரோட வசதியை விட்டுட்டு லினக்ஸ் போட்ட அந்தப் பழைய லேப்டாப்பையே ஃபைல் சர்வரா வச்சுக்கோங்க, லினக்ஸ்லேர்ந்து ஃபைல் ஷேர் பண்ற சாம்பா சாஃப்ட்வேரைப் போட்டு பாஸ்வேர்டும் குடுங்க, அந்த லேப்டாப்போட ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறாம இருக்க ரௌட்டர்ல ரிசர்வ் பண்ணிடுங்க.

சிங்க் பண்றோம், அதனால பேக்கப் இருக்குன்னு நம்பறது இன்னொண்ணு. சிங்க்னா ஒரு இடத்துல அழிச்சது எல்லா இடத்துலயும் அழியும், அவ்வளவு வேகமா. பேக்கப் தனி டிஸ்க்ல, பழைய வெர்ஷனோட இருக்கணும், மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏதோ ஒரு ஃபோல்டரை அதுலேர்ந்து வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணித் திறந்து பாக்கணும். ஆபீஸ் லேப்டாப்பை இந்த சிங்க் வட்டத்துக்குள்ள சேர்க்கவே சேர்க்காதீங்க, வேலையை விடற அன்னைக்கு அது நம்ம கையில இருக்காது.

கேபிள்ல யூஎஸ்பி-சி எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கறதுதான் பெரிய தவறு. போன் சார்ஜருக்கு வர்ற கேபிள்ல பெரும்பாலும் வீடியோ போகாது, வாங்கும்போதே டிஸ்ப்ளே சப்போர்ட் இருக்கான்னு கேளுங்க. எம்1, எம்2 மேக்புக் ஏர் நேரடியா ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஓட்டும், அது தெரியாம ரெண்டு மானிட்டர் மாட்டற டாக் (பல போர்ட் இருக்கற பெட்டி) வாங்கினா காசு வீண். ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரைப் பல மெஷினுக்கு மாத்திக் குடுக்கற கேவிஎம் ஸ்விட்ச் வாங்கறப்ப எச்டிஎம்ஐ 2.0 இருக்கான்னு பாருங்க, 1.4 இருந்தா 4கேல 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸை நகர்த்தினாலே கண்ணு வலிக்கும்.

கடைசியா கரண்ட். 600 விஏ யுபிஎஸ்னா 600 வாட் இல்ல, சுமார் 360 வாட்தான் பல மாடல்ல. டெஸ்க்டாப், மானிட்டர், ரௌட்டர், ஃபைல் சர்வர் டிஸ்க்கு இதுங்களை அதுல போடுங்க, ரௌட்டரைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ல சொருகாதீங்க, சூடாகற அந்த நிமிஷம் இழுக்கற கரண்ட்ல யுபிஎஸ் ட்ரிப் ஆகி மத்ததெல்லாம் சேர்ந்து அணையும். மேக்புக் மேல கை வச்சா சுரீர்னு லேசா உறைச்சா ரெண்டு பின் அடாப்டரா இருக்கலாம், மூணு பின் போட்டும் உறைச்சா அந்த பாயிண்ட்ல எர்த்தே இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகறதை நிறுத்திட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் செக் பண்ணச் சொல்லுங்க. அது முடியற வரைக்கும் அந்த பாயிண்ட்ல எதையும் போடாதீங்க, குழந்தைங்க இருக்கற வீடா இருந்தா இன்னைக்கே கூப்பிடுங்க.