கான்ஸ்டபிள் செய்ததுபோல் ஒரு மணி நேரத்தில் வானம் வரைவது

நிலக்காட்சி கற்க வருகிறவர்களை நான் முதலில் வானம்தான் வரையச் சொல்வேன். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் மேகப் படங்களைப் பார்த்து வந்த பழக்கம் இது. 1776இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் பிறந்தவர் அவர். அப்பாவுக்கு மாவு ஆலைகள் இருந்தன. இளம் வயதில் குடும்பத்தின் காற்றாலையிலும் வேலை பார்த்திருக்கிறார். காற்றாலையில் நிற்பவனுக்கு வானத்தைப் படிப்பது பிழைப்பு. 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட் மேட்டில் மேகங்களை மட்டும் தாளில் தைல வண்ணத்தால் வரைந்து குவித்தார்.

கெட்டித் தாள் போதும், நோட்டுப் புத்தக அளவு. முதல் நாளே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை லேசாகத் தடவிக் காயவிடுங்கள். கான்ஸ்டபிளும் செம்பழுப்பு அடிப்பூச்சு வைத்திருக்கிறார். அடியில் அந்தச் சூடான நிறம் இருந்தால்தான் நீலம் உயிரோடு தெரியும்.

தாளில் வெயில் விழாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். மேகத்தின் நிழலுக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்றும் சேர்ந்தாலே அந்தச் சாம்பல் வந்துவிடும். உச்சியில் நீலம் அடர்த்தி, தொடுவானம் பக்கம் வெளுப்பு. தொலைவில் போகப் போக மேகங்கள் சிறுத்துத் தட்டையாகும். மேகம் நகரும், அப்புறம் துரத்தாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்த வடிவத்தோடு நில்லுங்கள். வெளிச்சம் எல்லா மேகத்துக்கும் ஒரே பக்கமிருந்துதான் விழ வேண்டும். ஒரு மணி நேரம் ஆனதும் பிரஷை வைத்துவிடுங்கள், சூரியன் இடம் மாறியிருக்கும்.

இனிதான் முக்கியமான வேலை. தாளின் பின்பக்கம் தேதி, மணி, பார்த்த திசை, காற்று வந்த திசை எல்லாம் எழுதுங்கள். அவர் தன் மேகப் படங்கள் பலவற்றில் இப்படித்தான் எழுதிவைத்தார். படத்தின் பெயரிலேயே நேரம் வந்ததும் உண்டு: இன்று 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) என்று நாம் அறியும் அவர் படம் 1821இல் 'நிலக்காட்சி: நண்பகல்' என்ற பெயரில்தான் காட்சிக்கு வந்தது. வரைந்தது லண்டன் ஸ்டுடியோவில், ஆற்றங்கரையில் எடுத்த குறிப்புகளை வைத்து. அந்தக் கண்காட்சியில் அதை வாங்க ஆளில்லை. 1824இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. லண்டனின் ஓவியர் அமைப்பான ராயல் அகாடமி அவரை முழு உறுப்பினராக்கியது 1829இல், 52 வயதில். மனைவி மரியா அதற்குச் சில மாதம் முன்பே காசநோயில் இறந்துவிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

பெரிய படம் தொடங்கும்போது மேகத் தாளின் பின்பக்கம் எழுதியதைப் படியுங்கள். காலை ஒன்பது மணி என்று இருந்தால், தரையில் மரநிழல் மேற்கே நீள வேண்டும்.