போன் கடையில் இருந்து ஒரு வேலை: நம் பெடியளோடு எச்.ஐ.வி. பற்றிக் கதைப்பது எப்படி

மாங்குளத்தில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்குப் பிறகு என் சொந்தப் போனில் வேறு வேலை. ஆண்களோடு உறவு வைத்திருக்கிற ஆண்கள் மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று பல பக்கமிருந்தும் எனக்கு எழுதுவார்கள். பலர் வீட்டில் சொல்லாதவர்கள். சிலர் கலியாணம் கட்டிப் பிள்ளைகளும் உள்ளவர்கள். ஆணுறை, இரத்தப் பரிசோதனை, பயம் எல்லாம் கதைப்போம். உங்கள் ஊரிலும் இதைத் தொடங்க நினைப்பவருக்காக எழுதுகிறேன்.

முதலில், வட்ஸ்அப் குரூப் போடாதீர்கள். நான் போட்டேன். குரூப்பில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் நாளே ஒருவர் தன் மச்சானின் நம்பரைக் கண்டுவிட்டார். இரண்டு பேரும் சொல்லாமல் விலகினார்கள், பிறகு எனக்கு எழுதவே இல்லை. அந்த இரண்டு பேரையும் நினைத்தால் இன்றும் மனம் கனக்கும். வன்னியில் ஒரு நம்பர் போதும், ஆர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். ஆணோடு ஆண் உறவு வைப்பதைக் குற்றமாக்குகிற, இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வேறு தலைக்கு மேல் நிற்கின்றன.

அதனால் இப்போது 'புரோட்காஸ்ட் லிஸ்ட்' பாவிக்கிறேன். ஒரே செய்தி எல்லாருக்கும் போகும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகத்தான் போகும். ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். அவர்கள் உங்கள் நம்பரைச் சேமித்திருந்தால்தான் செய்தி கிடைக்கும், அதை முதல் நாளே சொல்லுங்கள். என்னைப் 'போன் கடை' என்றே சேமித்திருக்கிறார்கள். செய்தி ஏழு நாளில் தானாக அழிகிற வசதியைப் போடுங்கள். திரையில் செய்தி எட்டிப்பார்க்காமல் நிறுத்தவும் சொல்லிக்கொடுங்கள். தம்பி கேம் விளையாட வாங்குகிற போன் அது.

நம்மைப் போன்ற ஆட்கள் இப்படிப் போனில் கதைப்பது வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்வேன். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 112 பேரை வைத்து 12 வாரம் செய்தார்கள். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் ஆண்கள். முகப்புத்தகத்தின் மூடிய குரூப்புகளில், அவர்களைப் போன்ற ஆட்களையே பயிற்றுவித்துக் கதைக்கவிட்டார்கள். எச்.ஐ.வி. பற்றிக் கதைத்த குரூப்புகளில் 44 வீதமானோர் வீட்டிலேயே செய்கிற பரிசோதனைப் பெட்டியைக் கேட்டார்கள். பொதுவான உடல்நலம் மட்டும் கதைத்த குரூப்புகளில் 20 வீதம். 2013இல் வெளிவந்தது. எனக்கு அதில் பிடித்தது, கதைத்தவர்கள் டொக்டர்மார் இல்லை என்பதுதான்.

புதிதாக வருகிறவரோடு முதல் கிழமை எச்.ஐ.வி. என்ற சொல்லையே எடுக்காதீர்கள். இரணைமடுக் குளத்தில் வான் பாயுதா, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போறீங்களா என்று கதையுங்கள். ஒரு நாள் இரவு ஒரு மணிக்குக் கேள்வி வரும்: “அண்ணா, நுளம்பு கடிச்சா வருமா?” வராது என்று உடனே எழுதுங்கள். அவர் கேட்க வந்தது அது இல்லை. கொஞ்சம் பொறுங்கள், அடுத்த செய்தியில் உண்மையான கேள்வி வரும்.

அப்போது ஆரோடு, ஏன் என்று கேட்கவே கூடாது. “எப்ப நடந்தது?” என்பதுதான் முதல் கேள்வி. ஆணுறை இல்லாமல் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் தடுப்பு மருந்து தொடங்கலாம், 28 நாள் குடிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. ஆகவே விடிந்ததும் அரச ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்புங்கள், அறிவுரையைப் பிறகு பார்க்கலாம். நேரம் தாண்டிவிட்டால் இப்போது ஒரு பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அடிக்கடி ஆபத்தில் இருப்பவருக்கு முன்கூட்டியே குடிக்கிற மாத்திரையும் உண்டு, கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள்.

கலியாணம் கட்டியவரிடம் மனைவியைப் பற்றியும் கதையுங்கள். முடிவு தெரியும்வரை வீட்டிலும் ஆணுறை. இதைச் சொல்ல எனக்கு நெடுநாள் வெட்கமாக இருந்தது, சொல்லாமல் விட்டது சரியில்லை.

ஈறில் தடவிப் பார்க்கிற பரிசோதனைப் பெட்டி கையில் கிடைத்தவர் பதற்றத்தில் பிழை விடுவார். வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டச் சொல்லி நான் கூட இருப்பேன். சாப்பிட்டு, குடித்து பதினைந்து நிமிடமாவது போயிருக்க வேண்டும். மேல் ஈறில் ஒரு முறை, கீழ் ஈறில் ஒரு முறை தடவி, குச்சியைக் குழாய்த் திரவத்தில் வைக்க வேண்டும். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், நாற்பது நிமிடம் தாண்டிப் பார்க்கக் கூடாது. அந்த இருபது நிமிடமும் போனை வைக்காதீர்கள், கிரிக்கெட்டைக் கதையுங்கள். 'சி' என்ற இடத்தில் மட்டும் கோடு என்றால் கிருமி தெரியவில்லை, ஆனால் கடைசி மூன்று மாதத்தில் நடந்ததற்கு அது உத்தரவாதம் இல்லை. 'சி'யிலேயே கோடு இல்லாவிட்டால் பெட்டி பழுது. இரண்டு கோடு வந்தால் அதுவும் முடிவு இல்லை, கிளினிக்கில் இரத்தம் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும்.

அரச ஆஸ்பத்திரிகளின் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வேறு டொக்டர் எழுதித் தருகிற துண்டும் தேவையில்லை. ஆனால் ஒரு தடவை ஓரிடத்தில் ஒரு பெடியனின் முழுப் பெயரைத் தாழ்வாரத்தில் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பி வந்துவிட்டான். அதனால் எந்தக் கிளினிக்கில் ஆர் மரியாதையாகக் கதைக்கிறார்கள் என்று நீங்களே முதலில் போய்ப் பார்த்து வையுங்கள். சொந்த ஊரில் போகப் பயந்தால் வவுனியாவுக்கு அனுப்புங்கள்.

இரண்டு கோடு வந்த தம்பி ஒருவனோடு நானும் பஸ்ஸில் போனேன். தெரிந்தவர்கள் ஏறினால் கேள்வி வரக் கூடாதென்று இரண்டு சீட் தள்ளி இருந்தேன். வழி முழுக்க வட்ஸ்அப்பில்தான் கதைத்தோம். மருந்தை ஒழுங்காகக் குடித்துக் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால் உறவில் மற்றவருக்குத் தொற்றாது என்று எழுதினேன். புளியங்குளம் தாண்டும்போது பதில் வந்தது: “உண்மையாவா அண்ணா?”