கெர்னல் டீபக் செட்டிங்ல நிறைய பேரு சறுக்குற இடங்க

லினக்ஸ் கெர்னல்ல ஒரு பிழைய (bug) தேட ஆரம்பிச்சதும் நிறைய பேரு பண்றது, கெர்னல் பில்டுல என்னென்ன வேணும்னு தேர்ந்தெடுக்குற மெனுகான்ஃபிக் தொறந்து கெர்னல் ஹேக்கிங் மெனுக்குள்ள போயி கண்ல பட்ட எல்லாத்துக்கும் ஒய் போட்டுட்டு வர்றதுதான், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. தப்பா மெமரிய தொடுறத கண்டுபிடிக்கிற கேசான் (KASAN) ஜெனரிக் மோடுல ஓடுனா மெமரில எட்டுல ஒரு பங்கு அது கணக்கு வெச்சுக்குற ஷேடோவுக்கே போயிடும், வேகமும் நல்லா அடிவாங்கும், அதுக்கு மேல லாக் எடுக்குற முறைய சோதிக்கிற லாக்டெப்பும் (lockdep) சேந்தா டைமிங்கே மாறிப்போயி நீங்க தேடுறது ரேஸ் கண்டிஷனா (எது முந்துதுங்கறத பொறுத்து வர்ற பிழை) இருந்தா அது தல காட்டாமயே போயிடலாம், நாமளும் சரியாயிடுச்சுன்னு நம்பிடுவோம். மெமரி கரப்ஷன் மாதிரி தெரிஞ்சா கேசான், லாக் சிக்கல்னா லாக்டெப்ப ஆன் பண்ற ப்ரூவ் லாக்கிங், டேட்டா ரேஸ்னா கேசிசான் (KCSAN), இப்படி ஒண்ணொண்ணா போங்க. கேசானும் கேசிசானும் ஒரே பில்டுல எப்படியும் சேராது.

அடுத்தது நான் அரை நாள் தொலைச்ச இடம். கெர்னல் 5.18லேர்ந்து டீபக் இன்ஃபோவ நேரா ஆன் பண்ண முடியாது, எந்த ட்வார்ஃப்னு (DWARF, டீபக் தகவலோட ஃபார்மட்) ஒரு சாய்ஸ்ல எடுக்கணும். பழைய ஸ்கிரிப்ட் போடுற CONFIG_DEBUG_INFO=y வரிய, பழைய கான்ஃபிக்க புது கெர்னலுக்கு ஏத்த மாதிரி மாத்துற ஓல்ட்டெஃப்கான்ஃபிக் சத்தமில்லாம தூக்கிடும், எர்ரரே வராது, கடைசில ஜிடிபில (GDB டீபக்கர்) பாத்தா லைன் நம்பர் இருக்காது. அதனால ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டுன அப்புறம் டாட் கான்ஃபிக்ல கிரெப் பண்ணி பாத்துட்டு பில்டு போடுங்க.

ஜிடிபில பிரேக்பாயின்ட் நிக்கவே இல்லயா? பூட் லைன்ல, கெர்னல் அட்ரஸ் மாறி மாறி வராம இருக்க நோகேஏஎஸ்எல்ஆர் (nokaslr) போட்டீங்களா, ஜிடிபிக்கு குடுக்குற விஎம்லினக்ஸ் (vmlinux) ஃபைல் இப்ப ஓடுற அதே பில்டோடதுதானான்னு பாருங்க.

ரொம்ப பேருக்கு தெரியாதது இது: லாக்டெப் மொத வார்னிங் குடுத்ததும் தன்னையே ஆஃப் பண்ணிக்கும். பூட் ஆகும்போதே வேற ஏதோ டிரைவர் ஒரு வார்னிங் கெளப்பிட்டா அதுக்கப்புறம் உங்க கோடுல டெட்லாக் இருந்தாலும் அது வாயே தொறக்காது, நீங்க லாக் சுத்தமா இருக்குன்னு பேட்ச் அனுப்பிடுவீங்க. ப்ரோப்ரைட்டரி மாட்யூல் லோட் பண்ணாலும் இதே கததான். /proc/lockdep_stats ஃபைல தொறந்து டீபக் லாக்ஸ் 1னு இருக்கான்னு டெஸ்ட்டுக்கு முன்னாடியும் பாருங்க, முடிஞ்ச பிறகும் பாருங்க, 0ன்னா அந்த டெஸ்ட்ட கணக்குலயே எடுத்துக்காதீங்க. கேசானும் சாதாரணமா மொத ரிப்போர்ட்டோட நிறுத்திக்கும், தொடர்ந்து வேணும்னா பூட் லைன்ல கேசான் மல்டி ஷாட் குடுக்கணும்.

லாக்லெவல் 8 வெச்சும் பிஆர் டீபக் (pr_debug) மெசேஜ் வரலன்னு கேக்குறவங்களுக்கு, டைனமிக் டீபக் ஆன்ல இருக்குற கெர்னல்ல அந்தந்த ஃபைலுக்கு டைனமிக் டீபக்கோட கன்ட்ரோல் ஃபைல்ல தனியா பிளஸ் பி (+p) போட்டு எனேபிள் பண்ணணும், லாக்லெவல் மட்டும் ஏத்துனா அது வராது.