பூட்டிக் கிடக்கும் வீடும் கவுன்சில் கோப்பும்: இங்கிலாந்தில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ அப்பா வாங்கிய வீடு. அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் டொராண்டோவில், இன்னொருவர் சிட்னியில். வீடு பூட்டியே கிடக்கிறது. ஒருநாள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) காலிவீட்டுப் பிரிவிலிருந்து கடிதம் வருகிறது. உடனே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “இவங்களுக்கு யார் சொன்னது?”

பெரும்பாலும் சொன்னது நாமேதான். கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் கணக்கில் “ஆள் இல்லை” என்று நாம் எழுதிக்கொடுத்த தேதிதான் இந்தக் கோப்பின் முதல் தாள். பக்கத்து வீட்டார் புகார், திரும்பி வந்த தபால், வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தது எல்லாம் அதன் பிறகு சேர்பவை. ஆறு மாதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீடுகள் இங்கிலாந்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். கவுன்சில்கள் இதற்கென்றே அதிகாரி வைத்துத் தேடுவதில் வியப்பில்லை. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்; ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

“என் அனுமதி இல்லாமல் எப்படி?” என்று சண்டை பிடிப்பது

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான், நேரமும் வீண். தகவல் பாதுகாப்புச் சட்டம் என்றாலே “என்னைக் கேட்காமல் தொடக்கூடாது” என்று நினைத்துக்கொள்கிறோம். கடைக்காரர் விளம்பர மெயில் அனுப்புவதற்கு அது ஓரளவு பொருந்தும். கவுன்சில் விஷயத்தில் பொருந்தாது. சட்டம் கொடுத்த பொதுப்பணியைச் செய்யவே அது தகவலை வைத்திருக்கிறது. அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆகவே “என் பெயரை அழித்துவிடுங்கள்” என்று கேட்டாலும், அழிக்கச் சொல்லும் உரிமை இந்த வகைத் தகவலுக்குக் கிடையாது.

“டாக்ஸுக்குக் கொடுத்ததை வீட்டுவசதிப் பிரிவு எப்படி எடுக்கலாம்?” என்ற கேள்வியில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2003ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 85ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. காலி வீட்டை அடையாளம் காணவும், அதை மறுபடி குடியிருப்பாக்கவும் கவுன்சில் டாக்ஸ் தகவலைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலேயே ஒரு வேலியும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. தனிநபர் தகவல் என்றால் பெயர், உங்களைத் தொடர்புகொள்ளும் விலாசம் அல்லது எண், இவ்வளவுதான். உங்கள் வங்கி விவரமோ, முன்பு எப்போதோ சலுகைக்காகக் கொடுத்த வருமான விவரமோ இந்த வழியில் போகக்கூடாது. சண்டை பிடிக்க வேண்டுமென்றால் இந்த வேலி தாண்டப்பட்டதா என்று பார்த்துப் பிடியுங்கள்.

விலாசத்தை அப்படியே விட்டுவிடுவது

என்னைக் கேட்டால், எல்லாத் தவறிலும் செலவு மிகுந்தது இது. நிலப் பதிவேட்டில் உங்கள் வீட்டுக்கான தாளை எடுத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் 7 பவுண்டு கட்டி வாங்கலாம். 2024 டிசம்பர் வரை 3 பவுண்டாக இருந்தது. அதில் ‘பி’ பகுதியில் உரிமையாளர் பெயரும் தபால் விலாசமும் இருக்கும். நம்மவர்கள் வீட்டில் பாதிக்குப் பாதி, அந்த விலாசம் எது? அதே பூட்டிய வீடு. கவுன்சில் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் கதவின் தபால் துளை வழியாக விழுந்து, பீட்சா விளம்பரங்களோடு சேர்ந்து தரையில் குவியும்.

குவிவதில் என்ன வரும்? முதலில் அன்பான விசாரிப்புக் கடிதம். பிறகு 1976ஆம் ஆண்டு உள்ளாட்சி (பல்வகை விதிகள்) சட்டத்தின் 16ஆம் பிரிவு நோட்டீஸ்: இந்தச் சொத்தில் யார் யாருக்கு என்ன உரிமை என்று எழுதிக்கொடு, குறைந்தது 14 நாள் அவகாசம். பதில் தராதது குற்றம். நீதிமன்றம் அபராதம் போடலாம். இரண்டு ஆண்டு காலியாகக் கிடந்து அக்கம்பக்கத்துக்கும் தொல்லையாகிவிட்டால், தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு வீட்டின் நிர்வாகத்தையே கவுன்சில் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் இருக்கிறது. இந்த அளவுக்கு அபூர்வமாகத்தான் போகும். ஆனால் போன பிறகு “கடிதமே வரவில்லை” என்று சொன்னால் எடுபடாது.

விலாசம் மாற்ற சொலிசிட்டர் வேண்டாம், கட்டணமும் இல்லை. மூன்று விலாசம் வரை கொடுக்கலாம். வெளிநாட்டு விலாசமும் செல்லும், ஒன்று மின்னஞ்சலாகவும் இருக்கலாம். அதே மூச்சில் நிலப் பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையிலும் பதிந்துவிடுங்கள். கடன் தீர்ந்த, ஆளில்லாத, சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால் போலிக் கையெழுத்துப் போட்டு விற்கப் பார்ப்பவர்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

தேதியோடு விளையாடுவது

2024 ஏப்ரல் முதல், தளபாடம் பெரிதாக இல்லாமல் ஓராண்டு காலியாகக் கிடக்கும் வீட்டுக்குக் கவுன்சில் இரட்டிப்பு வரி கேட்கலாம். ஐந்தாண்டு தாண்டினால் மூன்று மடங்கு, பத்தாண்டு தாண்டினால் நான்கு மடங்கு வரை போகும். இதற்குப் பயந்து “தம்பி அங்கேதான் இருக்கிறான்” என்று எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்தத் தம்பியின் பெயர் வேறொரு விலாசத்தில் வாக்காளர் பட்டியலிலும், தனியாக வாழ்பவருக்கான வரிச் சலுகைப் பட்டியலிலும் இருக்கும். பட்டியல்களை ஒப்பிடும்போது தானாக மேலே வரும். தவறான தகவலுக்கு 70 பவுண்டு, திரும்பவும் செய்தால் 280 பவுண்டு. காசைவிடப் பெரிய நட்டம், அதன் பிறகு உங்கள் எந்தத் தேதியையும் அதிகாரி நம்பமாட்டார் என்பது.

ஒரு மாதம் போய்த் தங்கிவிட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதும் தப்புக்கணக்கு. ஆறு வாரம் வரையிலான குடியிருப்பைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. இன்னொன்று: இந்தக் கணக்கு ஓடுவது வீட்டின் மேல், ஆளின் மேல் அல்ல. நான்கு ஆண்டு பூட்டிக் கிடந்த வீட்டை நீங்கள் நேற்று வாங்கியிருந்தாலும், அந்த நான்கு ஆண்டும் கூடவே வரும். விற்பவரைப் பற்றிக் கவுன்சில் உங்களிடம் வாய் திறக்காது. வாங்குமுன் சொலிசிட்டர் மூலம் விற்பவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொய் சொல்லாமலே தப்பிக்கும் வழிகள் இருக்கின்றன. சொந்தக்காரர் இறந்து அவர் பெயரிலேயே காலியாக இருக்கும் வீட்டுக்கு, புரோபேட் (இறந்தவர் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதி) கிடைத்து ஆறு மாதம் வரை வரிவிலக்கே உண்டு. 2025 ஏப்ரல் முதல், புரோபேட் கிடைத்து 12 மாதம் வரை கூடுதல் வரியும் கூடாது. விற்கவோ வாடகைக்கு விடவோ உண்மையாகச் சந்தையில் போட்டிருந்தாலோ, பெரிய பழுதுபார்ப்பு நடந்தாலோ அதிகபட்சம் 12 மாதத்துக்கு அதே பாதுகாப்பு. இவை பல நேரம் கேட்டால்தான் கிடைக்கும். ஏஜென்ட் ஒப்பந்தம், கொத்தனார் பில் என்று தாள் காட்ட வேண்டும்.

தவறான கதவைத் தட்டுவது

உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசையா? கேட்கலாம், இலவசம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலானதென்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். “என்னைப் பற்றிய எல்லாம்” என்று கேட்டால் இருபது வருடக் குப்பைத்தொட்டிக் கடிதங்களும் வந்து சேரும். வீட்டு விலாசம், கவுன்சில் டாக்ஸ் கணக்கு எண், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, காலிவீட்டு அதிகாரியின் குறிப்புகளும் அவர் வந்து பார்த்த பதிவுகளும் வேண்டும் என்று குறித்துக் கேளுங்கள். வந்த தாள்களில் புகார் கொடுத்தவர் பெயர் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். அவருடைய தகவலும் தகவல்தான். “2021 மார்ச் முதல் காலி” என்று எழுதியிருந்து, 2022 ஜூன் வரை வாடகைக்கு இருந்தார்கள் என்றால் ஒப்பந்தத்தையும் மின்சார பில்லையும் வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். இந்த உரிமைதான் உண்மையில் காசு மிச்சப்படுத்தும்.

இறந்த அப்பாவின் கோப்பை இந்த வழியில் கேட்டால் மறுப்பார்கள்; இந்தச் சட்டம் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும். புரோபேட் நகலை இணைத்து, உயிலை நிறைவேற்றுபவர் என்ற முறையில் டாக்ஸ் பிரிவுக்கு எழுதுங்கள். அம்மா உயிரோடு யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்தால், “நான் அவருடைய மகன்” என்று போனில் சொல்வது போதாது. அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமோ பவர் ஆஃப் அட்டர்னியோ இல்லாமல் போனை எடுக்கும் கவுன்சில் அலுவலர் எதுவும் சொல்லமாட்டார். நமக்கு எரிச்சலாக வரும். ஆனால் சொன்னால்தான் அவர் விதியை மீறுகிறார்.

டாக்ஸ் தொகையில் தகராறு என்றால், தகவல் பாதுகாப்புப் புகார்களைப் பார்க்கும் தகவல் ஆணையரிடம் போய்ப் பயனில்லை. முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில். இரண்டு மாதம் பதில் இல்லாவிட்டால் அல்லது பதில் பிடிக்காவிட்டால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம். அதற்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

பட்டியல் கேட்பவர்களும் ஊருக்குச் சொல்பவர்களும்

வாங்கிச் சீர்செய்து விற்கும் தொழிலில் இருக்கும் நம்மவர்கள், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ்க் காலி வீடுகளின் பட்டியல் கேட்கிறார்கள். எண்ணிக்கை கிடைக்கும், விலாசம் கிடைப்பது அரிது. லண்டன் கேம்டன் கவுன்சிலின் பட்டியலைக் கேட்டு ஒரு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. 2011இல், தனிநபர்களுக்குச் சொந்தமில்லாத வீடுகளின் பட்டியலையாவது கொடு என்று தீர்ப்பானது. மேல் தீர்ப்பாயம் அதைத் திருப்பி அனுப்ப, 2013இல் கொடுக்க வேண்டாம் என்று முடிந்தது. காரணம் குற்றத் தடுப்பு: காலி வீடு எது என்று ஊருக்குத் தெரிந்தால் அத்துமீறிக் குடியேறுபவர்களும் திருடர்களும் வருவார்கள். வாங்க ஆசை என்றால் உங்கள் விவரத்தைக் கொடுத்து, சொந்தக்காரரிடம் சேர்த்துவிட முடியுமா என்று அதிகாரியிடம் கேளுங்கள். சில கவுன்சில்கள் செய்யும்.

அதே காரணத்தால், “எங்கள் தெருவில் 14ஆம் நம்பர் ஆறு மாதமாகப் பூட்டியிருக்கு” என்று வாட்ஸாப் குழுவில் போட்டோவோடு போடுவதும் வேண்டாம். கவுன்சிலுக்கு மட்டும் சொல்லுங்கள். சொல்லும்போது பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: புல், உடைந்த ஜன்னல், எலி. “அவருக்குக் கடன், பெண்டாட்டி விட்டுப் போய்விட்டார்” என்று எழுதினால், அந்த வரி நாளை அவர் கோப்பைக் கேட்டு வாங்கும்போது அவர் கையிலேயே போய்ச் சேரலாம்.

அதிகாரியிடமிருந்து ஒளிவது

இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாகக் கிடந்த வீட்டைக் குடியிருப்பாகச் சீர்செய்தால், ஒப்பந்தக்காரர் 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) போடலாம். 60,000 பவுண்டு வேலையில் அது 9,000 பவுண்டு வித்தியாசம். அதற்குப் போதுமான அத்தாட்சி, காலிவீட்டு அதிகாரி தரும் கடிதம். அவர் கோப்பில் இருக்கும் தேதியை வைத்துத்தான் அதை எழுதுவார். கொத்தனார் முதல் பில் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இல்லாமல் குறைந்த வரி போட எந்த ஒப்பந்தக்காரரும் சம்மதிப்பது கடினம்.