ட்ரோன் எதிர்ப்புத் துறையில் புரோகிராம் அனலிஸ்ட் ஆவது எப்படி

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பெயரைப் பார்த்து சாஃப்ட்வேர் வேலை என்று நினைத்து விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் புரோகிராம் அனலிஸ்ட் கோடு எழுதுவதில்லை, ட்ரோனைச் சுடுவதும் இல்லை. ஒரு ரேடாரோ, ட்ரோனின் ரேடியோ இணைப்பைக் குழப்பும் ஜாமரோ, இடைமறிக்கும் ஏவுகணையோ களத்தில் இருக்கும் படைப்பிரிவுக்குப் போய்ச் சேர எவ்வளவு பணம் வேண்டும், அது எந்த ஆண்டுப் பணம், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வர வேண்டும், ஒப்பந்தம் எப்போது கையெழுத்தாகும், எங்கே இழுத்துக்கொண்டு நிற்கிறது, இழுத்தால் யாருக்கு என்ன கிடைக்காமல் போகும் என்பதையெல்லாம் விடாமல் கவனித்து, முடிவெடுக்கிறவரிடம் நிலவரத்தை உள்ளபடி சொல்வதுதான் வேலை. அரசுப் பணிப் பட்டியலில் 0343 என்ற எண்ணில் தேடினால் வரும்.

2024 ஜனவரி 28 அன்று ஜோர்டானில் டவர் 22 என்ற முகாமை ஒரு ட்ரோன் தாக்கி மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். உங்கள் எக்செல் கோப்பில் ஒரு வரி மூன்று மாதம் தள்ளிப்போனால், அதன் மறுமுனையில் இப்படி ஒரு முகாம் ஏதாவது காத்துக்கொண்டிருக்கும். அந்த நினைப்போடு வேலை பார்க்கிறவர் மட்டுமே இதில் நல்ல அனலிஸ்ட் ஆகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

யார் விண்ணப்பிக்கலாம்

அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது, எச்-1பி பற்றிப் பேசவே வேண்டாம். அதற்கு மேல் பாதுகாப்பு கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைப் பார்க்க அரசு தரும் அனுமதி வேண்டும், குறைந்தது சீக்ரெட் நிலை. இங்கே குடியேறிக் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் பலர் தயங்குவது இந்த இடத்தில்தான்: அப்பா அம்மா மதுரையில் இருக்கிறார்கள், தங்கை சிங்கப்பூரில், ஊரில் கொஞ்சம் நிலம் என் பெயரில், இந்திய வங்கியில் அம்மாவோடு சேர்ந்த கணக்கு, இதெல்லாம் இருந்தால் கிடைக்குமா என்று. வெளிநாட்டில் உறவினர் இருப்பது மட்டுமே யாரையும் தள்ளிவிடாது. அதை மறைப்பது தள்ளிவிடும். எஸ்எஃப்-86 என்ற படிவத்தில் உறவினர்கள், வெளிநாட்டுச் சொத்து, பயணங்கள், நெருங்கிய வெளிநாட்டுத் தொடர்புகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஏழு ஆண்டுப் பயணத் தேதிகளை எழுதி வையுங்கள், உறவினர்களின் பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். நிலத்தின் மதிப்பு சரியாகத் தெரியாவிட்டால் மதிப்பீடு என்று குறிப்பிட்டு எழுதுங்கள், ஆனால் எழுதாமல் விடாதீர்கள்.

வேலை அமெரிக்க அரசின் யுஎஸ்ஏஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் வரும். ஜிஎஸ் என்ற அரசுச் சம்பளப் படிநிலையில் 9 முதல் 13 வரையான நிலைகளைப் பாருங்கள். ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2025இல் வந்துவிட்டது, அதனால் பழைய ஐந்து பக்க அரசு ரெஸ்யூமே மாதிரிகளை நம்பாதீர்கள். அறிவிப்பில் ‘சிறப்பு அனுபவம்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதில் கேட்டிருப்பதற்கு உங்கள் பழைய வேலையிலிருந்து நேரடியான, எண்ணோடு கூடிய பதில் இருக்க வேண்டும். வங்கியில், மருத்துவமனையில், மாநில அரசில் பட்ஜெட் பார்த்திருந்தாலும் செல்லும், எவ்வளவு தொகை, எத்தனை ஒப்பந்தம், என்ன முடிவுக்கு உதவியது என்று எழுதினால்.

இன்னொரு வழி ஒப்பந்த நிறுவனங்கள். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில், அதாவது ரெட்ஸ்டோன் ஆர்செனல் என்ற ராணுவத் தளத்தின் பக்கமும், பென்டகனைச் சுற்றியுள்ள ஆர்லிங்டன் பக்கமும் இந்த வேலைகள் நிறைய. முதல் முறை உள்ளே வருகிறவர்களுக்கு இது பெரும்பாலும் வேகமான கதவு, ஆனால் கிளியரன்ஸ் ஏற்கெனவே இருப்பவரைத்தான் நிறுவனங்கள் முதலில் பார்க்கும். ஒப்பந்தப் பணியாளராக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: கூட்டத்தில், மின்னஞ்சலில், நீங்கள் அரசு ஊழியர் இல்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுத் தரலாம், பரிந்துரைக்கலாம். அரசின் சார்பில் முடிவெடுக்கவோ இன்னொரு நிறுவனத்துக்கு உத்தரவிடவோ கூடாது.

பணத்தின் விதிகள்

வேலையின் உயிர்நாடி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கும் பணம் எல்லாம் ஒன்று இல்லை. ஆராய்ச்சி, சோதனைக்கான பணத்தை இரண்டு ஆண்டுக்குள் ஒப்பந்தத்தில் கட்டிவிட வேண்டும் (அதாவது ஒரு ஒப்பந்தத்துக்கென்று உறுதி செய்துவிட வேண்டும்), கொள்முதல் பணத்துக்கு மூன்று ஆண்டு, செயல்பாடு மற்றும் பராமரிப்புப் பணத்துக்கு ஒரே ஆண்டு. நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கும். தவறான தலைப்பிலிருந்து பணம் எடுத்துவிட்டால், அல்லது இல்லாத பணத்துக்கு ஒப்பந்தம் போட்டால், ஆன்டி-டெஃபிஷியன்சி சட்டத்தை மீறியதாக விசாரணை வரும். அது யாருக்கும் நல்லதாக முடிவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரு முகாம் தளபதி கையில் தூக்கிப்போகும் ஜாமர் நான்கு வேண்டும் என்கிறார். அவரிடம் பராமரிப்புப் பணம் இருக்கிறது. வாங்கலாமா? ஒரு பொருள் அல்லது ஒரு முழு அமைப்பின் விலை காங்கிரஸ் வைத்த வரம்பை (2025 நிதியாண்டில் 3,50,000 டாலர்) தாண்டினால் அது முதலீடு, கொள்முதல் பணம்தான் வேண்டும். ஜாமர் ஒன்று தனித்து இயங்குகிறது, விலையும் வரம்புக்குள் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு ரேடார், ஒரு கேமரா, ஒரு ஜாமர், எல்லாவற்றையும் இணைக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் என்று ஒன்றாக வேலை செய்யும் அமைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே என்று காட்ட முடியாது. இந்தக் கேள்வியை ஒப்பந்த அதிகாரி கேட்பதற்கு முன்பே நீங்கள் கேட்டு, நிதிச் சட்ட வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்திருந்தால், அந்த முகாமுக்கு ஒரு மாதம் மிச்சம்.

அப்புறம் காலக் கணக்கு. இப்போது தயாராகும் பட்ஜெட் திட்டம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துச் செலவாகப்போகும் பணத்துக்கானது. ட்ரோன் தொழில்நுட்பமோ சில மாதங்களில் மாறிவிடுகிறது. உக்ரைனில் ஒளியிழைக் கம்பி வழியாக இயக்கும் ட்ரோன்கள் 2024இல் பரவத் தொடங்கியபோது, ரேடியோ அலைகளைக் குழப்பும் ஜாமர்கள் அவற்றுக்கு எதிராகப் பயனற்றுப் போயின, ஏனென்றால் குழப்புவதற்கு அங்கே ரேடியோ இணைப்பே இல்லை. ஜாமருக்கு மட்டும் பணம் ஒதுக்கி வைத்திருந்த ஒரு திட்டத்தை நினைத்துப் பாருங்கள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் உங்களை வைத்திருக்கிறார்கள். அவசரக் களத் தேவை என்று முறைப்படி ஆவணம் எழுதுவது, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுமதியோடு பணத்தை மாற்றுவது, பட்ஜெட்டின் ஒதுக்கீட்டு வரிசையை ஒரே கருவியின் பெயரில் இறுக்கிக் கட்டாமல் கண்டறிதல், முறியடித்தல் என்ற திறன்களின் பெயரில் எழுதச் சொல்லி வாதாடுவது, இவைதான் கையில் இருக்கும் வழிகள். மூன்றாவதற்காக நான் எப்போதும் சண்டை போடுவேன்.

பட்ஜெட் நேரத்துக்கு நிறைவேறாமல், முந்தைய ஆண்டு அளவிலேயே செலவை ஓட்டும் தற்காலிகத் தீர்மானத்தில் அரசு ஓடும் மாதங்களில் புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது, உற்பத்தி வேகத்தையும் கூட்ட முடியாது. 2024ஆம் நிதியாண்டின் பாதுகாப்பு ஒதுக்கீடு மார்ச் மாதம்தான் வந்தது. 2025இல் ஆண்டு முழுவதுமே தற்காலிகத் தீர்மானம்தான். ஆகவே அக்டோபரில் புதிய ஒப்பந்தம் என்று கால அட்டவணையில் எழுதுவதை விட்டுவிடுங்கள், ஏப்ரல் என்று போட்டுவிட்டு, முன்னால் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஆராய்ச்சிப் பணத்தில் முதல் ஆண்டிலேயே 90 சதவீதமும் கொள்முதல் பணத்தில் 80 சதவீதமும் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று பென்டகன் இலக்கு வைத்திருக்கிறது. கீழே போனால், சும்மா கிடக்கும் பணம் என்று சொல்லி மேலிடம் எடுத்துக்கொள்ளும். மாதாமாதம் இந்த எண்ணைப் பாருங்கள், பின்தங்கியிருந்தால் காரணத்தை அரைப் பக்கத்தில் எழுதித் தயாராக வையுங்கள்.

ட்ரோனைப் பற்றி எவ்வளவு தெரிய வேண்டும்

பொறியாளர் அளவுக்கு வேண்டாம், ஆனால் பொறியாளர் சொல்வது புரிய வேண்டும். கண்டுபிடி, தொடர்ந்து பார், யாருடையது என்று அடையாளம் காண், முறியடி என்ற நான்கு படிகளில் எந்தக் கருவி எதைச் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எடையை வைத்து ட்ரோன்களைக் குழுக்களாகப் பிரிப்பார்கள்: 20 பவுண்டு வரை முதல் குழு, 55 வரை இரண்டாவது, 1,320க்குக் கீழே மூன்றாவது. முதல் குழுவை விரட்டும் கருவி மூன்றாவது குழுவில் வரும் ஒரு தாக்குதல் ட்ரோனிடம் எடுபடாது. 2024 ஜூனில் அரிசோனாவின் யூமாவில் ஒரே நேரத்தில் ட்ரோன் கூட்டங்களை ஏவி நடத்திய பெரிய சோதனைக்குப் பிறகு அதிகாரிகள் சொன்னதும், எந்த ஒரு கருவியும் தனியாகப் போதாது என்பதே. விற்பனையாளர் வந்து எங்கள் கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால், எந்தக் குழு, எத்தனை ஒரே நேரத்தில், எந்த வானிலையில், யார் முன்னிலையில் சோதித்தது என்று கேளுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். அமெரிக்க மண்ணில் ஒரு தளத்துக்கு மேல் ட்ரோன் பறந்தால் உடனே ஜாமரைத் திருப்ப முடியாது. சட்டத் தொகுப்பின் தலைப்பு 10, பிரிவு 130i எந்தத் தளங்கள், எந்தப் பணிகளுக்கு அந்த அதிகாரம் என்று வரையறுக்கிறது, விமானப் போக்குவரத்து நிர்வாகத்தோடு ஒருங்கிணைக்கவும் வேண்டும். வெளிநாட்டு முகாமுக்கு வாங்கிய கருவியை உள்நாட்டுத் தளத்துக்கு மாற்றலாமே என்று யாராவது எளிதாகச் சொல்லும்போது இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியது நீங்கள்.

நிறுவன அமைப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2020 முதல் ராணுவத்தின் தலைமையில் ஒரு கூட்டு அலுவலகம் ட்ரோன் எதிர்ப்பு வேலையை நடத்தியது. 2025 ஆகஸ்டில் அதன் இடத்தில் கூட்டுப் பணிப்படை 401 வந்தது. பழைய ஆவணத்தில் இருக்கும் அலுவலகப் பெயரை அப்படியே நகலெடுக்காமல், இன்றைக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

விலைக் கணக்கில் ஏமாறாமல் இருக்க

20,000 முதல் 50,000 டாலர் வரை மதிப்பிடப்படும் ஈரானின் ஷாஹெட் ட்ரோனைச் செங்கடலில் இரண்டு மில்லியன் டாலர் ஏவுகணையால் வீழ்த்தினார்கள் என்ற ஒப்பீடு எல்லா விளக்கப் படத்திலும் வரும். ராணுவம் பயன்படுத்தும் கொயோட்டி ஏவுகணை கூட ஒன்று சுமார் 1,00,000 டாலர். இந்த எண்கள் முக்கியம்தான், ஆனால் சுடும் பொருளையும் சுடப்படும் பொருளையும் மட்டும் ஒப்பிடுவது அரைகுறைக் கணக்கு. ட்ரோன் வந்து விழுந்திருந்தால் என்ன போயிருக்கும்? அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களின் உயிரை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அதே சமயம், ஒரு இரவில் நாற்பது வந்தால் கையிருப்பு எத்தனை, மறுநாள் காலை மறுபடி நிரப்ப எவ்வளவு நேரம், தொழிற்சாலை மாதத்துக்கு எத்தனை செய்கிறது என்ற கேள்விகள்தான் விலையை விட அதிகமாகக் கடிக்கும். ஆகவே உங்கள் தாளில் கையிருப்பு, உற்பத்தி வேகம், உதிரி பாகம், பயிற்சி ஆகியவற்றுக்கும் இடம் இருக்க வேண்டும். பயிற்சியை எப்போதும் மறந்துவிடுகிறார்கள்: ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில்லில் இதற்கென்றே பயிற்சிக் கூடம் இருக்கிறது, அங்கே ஆட்களை அனுப்பும் செலவும் நாட்களும் திட்டத்தில் இல்லையென்றால் கருவி பெட்டியிலேயே கிடக்கும்.

தாளில் எப்படி எழுதுவது

ஒரு பக்கம். முதல் வரியில் என்ன முடிவு வேண்டும், எந்தத் தேதிக்குள். அடுத்து முடிவெடுக்காவிட்டால் என்ன ஆகும். அதன் பிறகு எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் என்ற குறிப்பு. பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் போடச் சொல்வார்கள். சிவப்பைச் சிவப்பாகவே போடுங்கள். மேலே போகப்போகச் சிவப்பு மஞ்சளாகவும் மஞ்சள் பச்சையாகவும் மாறும் பழக்கம் பெரிய அலுவலகங்களில் எல்லாம் இருக்கிறது, அது உங்கள் மேசையில் தொடங்கக் கூடாது.

ரகசியம் இல்லாவிட்டாலும் கட்டுப்படுத்தப்பட்ட தகவல் என்று குறியிடப்பட்டவை நிறைய இருக்கும். அவற்றைப் பொது ஏஐ கருவிகளில் ஒட்டிச் சுருக்கம் கேட்காதீர்கள். லிங்க்ட்இன்னில் எந்தக் கருவி, எந்தத் தளம் என்று எழுதவும் வேண்டாம்.

வேலை கிடைப்பதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு எதுவும் செலவில்லை. ராணுவத்தின் பட்ஜெட் விளக்கப் புத்தகங்கள் ஒவ்வொரு ஆண்டும் இணையத்தில் பொதுவில் வெளியாகின்றன. ஆராய்ச்சிக்கு ஆர்-2, கொள்முதலுக்கு பி-40 என்று படிவங்கள் இருக்கும். அதில் ட்ரோன் எதிர்ப்புக்கான ஒதுக்கீட்டு வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொடர்ச்சியாக மூன்று ஆண்டுப் புத்தகங்களில் அதே வரிசையைத் தேடிப் பிடித்து, தொகை எங்கே கூடியது, எங்கே குறைந்தது, அதற்கு அவர்களே எழுதியிருக்கும் காரணம் என்ன, எண்ணிக்கை மாறியதா, ஒன்றின் விலை மாறியதா என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் இந்தத் துறை பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.